தட்டு சுட என்ன துப்பாக்கி வாங்குவது?

ஒரத்தநாடு பக்கத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, தாத்தாவோட டபுள் பேரல் வீட்ல இருக்கு. அதை வெச்சே தட்டு சுடப் பழகலாமா, இல்ல புதுசா ஒண்ணு வாங்கணுமா? கையில காசு கம்மிதான்." எந்திரம் காற்றில் வீசும் தட்டைத் துப்பாக்கியால் உடைக்கும் விளையாட்டைத்தான் தட்டு சுடுவது என்கிறான். நல்ல கேள்வி. ஆனால் பேச்சோடு பேச்சாக அவன் சொன்ன மூன்று விஷயங்கள்தான் என்னை இதை எழுத உட்கார வைத்தன. துப்பாக்கியின் அளவு பன்னிரண்டு போர் என்றால் பன்னிரண்டு குண்டு போகுமாம். தோட்டாவுக்குள் இருக்கும் ரவை, அதாவது சின்னச் சின்ன ஈயக் குண்டுகள், பரவிப் போவதால் குறியே வேண்டாமாம். குழல் நீண்டால் வேகம் கூடுமாம். மூன்றையும் அவனுக்குச் சொன்னவர்கள் வருடக்கணக்கில் உரிமம் வைத்திருக்கும் பெரியவர்கள். மூன்றும் சரியல்ல.

புதுக்கோட்டை பிரித்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ட்ராப் என்ற தட்டு சுடும் போட்டியில் சுட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய ட்ராப் அணியிலும் அவர் இருந்தார். அதன்பின் நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் இந்த விளையாட்டைப் பற்றிய பேச்சு கூடியிருக்கிறது. பேச்சு கூடும்போது தவறான தகவலும் கூடுகிறது. காசைக் கொட்டிப் பொருந்தாத துப்பாக்கியை வாங்கிவிட்டு, ஆறு மாதத்தில் விளையாட்டையே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

## தட்டு மண்ணால் ஆனதில்லை

இந்தத் தட்டுக்கு ஆங்கிலத்தில் 'கிளே', அதாவது களிமண், என்று பெயர் இருப்பதால் அகல் விளக்கு மாதிரி சுட்ட மண் என்று நினைக்கிறோம். இன்றைய தட்டு தார் போன்ற கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து வார்த்தது. அகலம் 11 செ.மீ., உயரம் இரண்டரை செ.மீ., எடை சுமார் 105 கிராம். டீக்கடைச் சாசரைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். முன்பு உயிருள்ள புறாக்களைக் கூண்டிலிருந்து திறந்துவிட்டுச் சுட்டார்கள். பிறகு கண்ணாடி உருண்டை வந்தது. 1880இல் அமெரிக்காவில் லிகாவ்ஸ்கி என்பவர் தட்டைக் கொண்டுவந்தார். அதுதான் நிலைத்தது.

இதில் இரண்டு ஆட்டங்களைத் தெரிந்துகொண்டால் போதும். ட்ராப் என்பதில் உங்களுக்கு 15 மீட்டர் முன்னால் உள்ள பள்ளத்திலிருந்து தட்டு கிளம்பி உங்களை விட்டு விலகி ஓடும். எந்தக் கோணத்தில் போகும் என்று முன்கூட்டித் தெரியாது. ஸ்கீட் என்பதில் இடப்பக்கம் ஒரு உயரமான கூண்டு, வலப்பக்கம் ஒரு தாழ்வான கூண்டு. இரண்டிலிருந்தும் தட்டுகள் குறுக்கே பறக்கும். அரைவட்டத்தில் ஏழு இடங்கள், இரண்டு கூண்டுக்கும் நடுவே ஒன்று என எட்டு இடங்களில் மாறி மாறி நின்று சுட வேண்டும். இரண்டிலும் ஒரு சுற்றுக்கு 25 தட்டு.

விலகி ஓடுவது ட்ராப், குறுக்கே ஓடுவது ஸ்கீட். ட்ராப்பில் தட்டு தூரத்தில் உடையும், ஸ்கீட்டில் கிட்டத்தில் உடையும். துப்பாக்கித் தேர்வில் பாதி இந்த வித்தியாசத்திலிருந்துதான் வருகிறது.

## ரவை போகும் விதம்

திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் கை விதைப்பு பார்த்திருப்பீர்கள். ஒரு பிடி நெல்லை எடுத்து வீசுகிறார். கை அருகே அடர்த்தியாகவும், போகப்போகப் பரவலாகவும் விழுகிறது. இன்னும் தூரம் போனால் மணிக்கும் மணிக்கும் நடுவே வெற்றிடம். ரவைத் துப்பாக்கி செய்வதும் இதுவே. போட்டித் தோட்டாவில் அதிகபட்சம் 24 கிராம் ஈயம்தான் இருக்கலாம். அது சுமார் 2.4 மி.மீ. குறுக்களவுள்ள ஏறக்குறைய 300 ரவைகள். இந்த ரவைக்கூட்டம் பரவும் வடிவத்தைப் பேட்டர்ன் என்பார்கள்.

'பரவுகிறதே, பிறகென்ன குறி?' என்ற எண்ணம் இங்குதான் உடைகிறது. ரவையின் நெருக்கமான பகுதி, சுடும் தூரத்தில் சுமார் 75 செ.மீ. அகலம். நடுவில் தட்டு சிக்கினால் தூளாகும். ஓரத்தில் சிக்கினால் இரண்டு ரவைக்கு நடுவே நழுவிப் போகும். அதாவது நீங்கள் முப்பது, நாற்பது செ.மீ. தவறலாம், அதற்கு மேல் தவறக் கூடாது. ஒரு முழம்கூட இல்லை.

## போர் என்பது உருண்டைக் கணக்கு

பாட்டி எள்ளுருண்டை பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாவு அதேதான். பன்னிரண்டு உருண்டை பிடித்தால் ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கும். இருபது பிடித்தால் சிறுத்துப் போகும். ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது சுமார் 454 கிராமை, பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால் ஒரு உருண்டை எவ்வளவு பருமனோ, அதுதான் 12 போர் குழலின் உட்பருமன். கிட்டத்தட்ட 18.5 மி.மீ. இருபது உருண்டையாக்கினால் 20 போர், 15.6 மி.மீ. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். குண்டின் எண்ணிக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 410 என்ற ஒன்று மட்டும் விதிவிலக்கு. அது அங்குலக் கணக்கு.

புதியவருக்கு 12 போர்தான். அதன் தோட்டா எளிதில் கிடைக்கும், பழைய துப்பாக்கிகளும் அதில்தான் அதிகம். 20 போர் இலகுவாக இருக்குமே என்று சிலர் போகிறார்கள். துப்பாக்கி இலகுவானால் உதை கூடும். அதற்குத் தோட்டா தேடி அலைவது வேறு.

## சோக்: வாசல் எவ்வளவு ஒடுக்கம்

தேரோட்டம் முடிந்து கூட்டம் கலைவதைப் பாருங்கள். அகன்ற வீதியிலிருந்து வெளியே வந்தால் உடனே நாலாபுறமும் சிதறும். ஒடுக்கமான சந்து வழியாக வந்தால் வரிசையாக நீண்டு, கொஞ்ச தூரம்வரை சேர்ந்தே போகும். குழலின் வாய்ப்பக்கம் கடைசிச் சில செ.மீ. நீளத்துக்குக் கொஞ்சம் ஒடுக்கியிருப்பார்கள். அந்த ஒடுக்கம்தான் சோக்.

ஒடுக்கமே இல்லாவிட்டால் சிலிண்டர். சுமார் ஒரு மி.மீ. ஒடுக்கினால் ஃபுல். 36 மீட்டர் தூரத்தில் 76 செ.மீ. வட்டம் ஒன்று வரைந்து சுட்டால், சிலிண்டரில் நூற்றுக்கு 40 ரவை வட்டத்துக்குள் விழும், ஃபுல்லில் 70. இடையில் பாதி ஒடுக்கத்தில் 60. வெறும் ஒரு மி.மீ. இவ்வளவு மாற்றுகிறது.

ஸ்கீட்டுக்குத் திறந்த சோக், ட்ராப்புக்கு இறுக்கமான சோக். சரி, இரண்டையும் பழக ஆசை இருந்தால்? குழல்வாயில் திருகிக் கழற்றும் சோக் உள்ள துப்பாக்கி. ஒரே துப்பாக்கி இரண்டு வேலை செய்யும். குறைந்த காசில் வாங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு வாங்க வேண்டிய வசதி இது ஒன்றுதான்.

இதுவரை பார்த்ததில் போர் குழலின் பருமனைச் சொல்கிறது, சோக் ரவையின் பரவலைச் சொல்கிறது. இரண்டுமே விலை குறைந்த துப்பாக்கியிலும் விலை உயர்ந்ததிலும் ஒன்றுதான். பிறகு எதில் வித்தியாசம்?

## நாற்று முடி வீசுபவரின் கண்

எனக்கு இந்த விளையாட்டைப் புரியவைத்தது எங்கள் வயல்தான். நடவு நாளில் வரப்பில் நின்று நாற்று முடியை வீசுபவரைக் கவனியுங்கள். ஒரு கண்ணை மூடுவதில்லை, கையைப் பார்ப்பதில்லை. முடி விழ வேண்டிய இடத்தை மட்டும் பார்க்கிறார். கை தானாகப் போகிறது. இன்னொன்று: நடுகிற பெண்கள் பின்னால் நகர்ந்துகொண்டே வருவார்கள். இப்போது நிற்கும் இடத்தில் முடி விழுந்தால் பயனில்லை. அடுத்து எங்கே வந்து சேர்வார்களோ அங்கே விழ வேண்டும்.

ரவைத் துப்பாக்கி இந்த இரண்டையும் கேட்கிறது.

முதலில் இரண்டாவதைப் பார்ப்போம். குழலை விட்டுக் கிளம்பும்போது ரவையின் வேகம் நொடிக்குச் சுமார் 400 மீட்டர். காற்றில் சீக்கிரம் தளரும். 30 மீட்டரைக் கடக்கக் கிட்டத்தட்ட பத்தில் ஒரு நொடி ஆகும். குறுக்கே பறக்கும் தட்டு நொடிக்கு 20 மீட்டர் போகிறது என்று வையுங்கள். அந்தப் பத்தில் ஒரு நொடிக்குள் அது 2 மீட்டர் நகர்ந்துவிடும். தட்டின் மேல் சுட்டால் ரவை இரண்டு மீட்டர் பின்னால்தான் போகும். தட்டுக்கு முன்னால் இடம் விட்டுச் சுடுவதை லீட் என்கிறார்கள். அதற்குக் குழல் நிற்காமல் தட்டோடு சேர்ந்து ஓட வேண்டும். நீண்ட குழலின் பயன் இங்குதான். முன்பக்க எடை ஓட்டத்தைச் சீராக்கும். 71 செ.மீ. குழலுக்கும் 76 செ.மீ. குழலுக்கும் ரவையின் வேகத்தில் பேர் சொல்லும் வித்தியாசம் கிடையாது.

இப்போது கண். ரைபிளில் முன்குறி, பின்குறி இரண்டு இருக்கும். இரண்டையும் நேர்ப்படுத்திச் சுடுவோம். ரவைத் துப்பாக்கியில் குழல்முனையில் ஒரு சிறு மணி மட்டும். பின்குறி எங்கே? உங்கள் கண்தான் பின்குறி. அந்தக் கண்ணை ஓரிடத்தில் நிறுத்துவது எது? தோளில் பதியும் மரக் கட்டையின் மேல் விளிம்பில் படியும் உங்கள் கன்னம். அந்த விளிம்புக்குக் கோம் என்று பெயர்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கண்ணிலிருந்து குழல்முனை ஏறக்குறைய ஒரு மீட்டர். கோம் உங்களுக்கு ஒரு செ.மீ. கூடுதல் உயரமாக இருந்தால் கண்ணும் ஒரு செ.மீ. உயரும். ஒரு மீட்டருக்கு ஒரு செ.மீ. என்றால் 30 மீட்டரில் 30 செ.மீ. உங்களுக்கு மொத்தமே முப்பது, நாற்பது செ.மீ. சலுகைதான் என்று மேலே சொன்னேன். அது முழுவதையும் கட்டையே தின்றுவிட்டது. நீங்கள் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் தட்டு உடையாது. ஏன் என்றும் புரியாது. 'எனக்குக் கை வரவில்லை' என்று முடிவு செய்வீர்கள்.

விலையைப் பற்றி நான் சொல்ல விரும்புவதெல்லாம் இதுதான். பொருந்தாத விலை உயர்ந்த இத்தாலியப் பெரசியைவிடப் பொருந்துகிற பழைய ரஷ்யப் பைக்கால் அதிகத் தட்டு உடைக்கும்.

## பொருந்துகிறதா என்று எப்படிப் பார்ப்பது

துப்பாக்கியைத் திறந்து காலி என்று இரண்டு முறை உறுதி செய்யுங்கள். பக்கத்தில் இருப்பவரையும் பார்க்கச் சொல்லுங்கள். ஆளில்லாத சுவரில் ஒரு புள்ளியைப் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்குக் கொண்டு வந்து கன்னத்தைப் பதியுங்கள். இப்போது கண்ணைத் திறந்தால், குழலின் மேல் ஓடும் பட்டையான ரிப்பின் நடுவே மணி தெரிய வேண்டும். குழல் முழுவதும் படிக்கட்டு மாதிரி தெரிந்தால் கோம் உயரம். மணியே தெரியாமல் குழலின் பின்பக்கம் மறைத்தால் தாழ்வு. ஒரு பக்கம் சாய்ந்து தெரிந்தால் கட்டையின் வளைவு உங்களுக்கானது இல்லை. பத்து தடவை செய்யுங்கள். முதல் தடவை மூளை ஏமாற்றும், ஏழாவது எட்டாவது தடவை உடம்பு உண்மையைச் சொல்லும்.

கட்டையின் நீளமும் முக்கியம். ஐரோப்பியத் துப்பாக்கிகளில் விசையிலிருந்து கட்டையின் பின்முனைவரை பெரும்பாலும் 36, 37 செ.மீ. நம் ஊர் உயரத்துக்கு அது பலருக்கு நீளம். தூக்கும்போது அக்குளில் மாட்டும். அதற்காக உடனே ஆசாரியிடம் கொடுத்து அறுத்துவிடாதீர்கள். அறுத்த மரம் திரும்ப வராது. கோம் தாழ்வாக இருந்தால் மெல்லிய ரப்பர் பட்டையை ஒட்டி ஒட்டி உயர்த்திப் பாருங்கள். அளவு பிடிபட்ட பிறகு மரத்தில் கை வைக்கலாம்.

இன்னொரு சோதனை பலருக்குத் தெரியாது. இரண்டு கைகளையும் நீட்டி, நடுவே சின்ன ஓட்டை விட்டுச் சேர்த்து, அதன் வழியே தூரத்துத் தென்னை மரம் ஒன்றை இரண்டு கண்ணாலும் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது மரம் மறையாமல் நிற்கிறதோ அது உங்கள் மேலோங்கிய கண். வலது தோளில் சுடுபவருக்கு இடது கண் மேலோங்கியிருந்தால் குழல் ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். அப்படியிருந்தால் இடது தோளுக்கு மாறுவதோ, கண்ணாடியில் இடது கண் பக்கம் சிறு ஒட்டு வைப்பதோ வழி. வாங்குவதற்கு முன்பே இது தெரிய வேண்டும், ஏனெனில் கட்டைகள் பல ஒரு பக்கத்துக்கென்று வளைத்துச் செய்தவை.

## எந்த வகை

ஒற்றைக் குழல் விலை மிகக் குறைவு. உரிமத் தாளில் எஸ்.பி.பி.எல். என்று போடுவார்கள். ஒரே தோட்டா, இலகு எடை. நூறு தோட்டா சுட்ட மாலையில் தோள் கன்றிப் போகும். உதைக்குப் பயந்து கண் சிமிட்டும் பழக்கம் வந்துவிட்டால் அதைப் போக்க வருடங்கள் ஆகும்.

பம்ப் வகை நம் வாசலிலேயே செய்யப்படுகிறது. 1966இல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் 12 போர் பம்ப் துப்பாக்கியைக் காவலாளிகளிடம் பார்த்திருப்பீர்கள். ஆனால் சர்வதேச விதிப்படி நடக்கும் ட்ராப், ஸ்கீட் போட்டிகளில் பம்ப் துப்பாக்கிக்கு அனுமதி இல்லை. விலையைப் பார்த்து அதை வாங்கிவிட்டுப் பிறகு இதைத் தெரிந்துகொள்பவர்கள் உண்டு. தானியங்கியாக அடுத்த தோட்டாவை ஏற்றும் வகையை அந்த விதி ஏற்கிறது, ஆனால் அது நம் நாட்டில் சாதாரண உரிமத்தில் கிடைப்பதில்லை.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குழல் இருப்பது டி.பி.பி.எல்., நம் மிராசு வீடுகளின் துப்பாக்கி. சுடலாம், தடையில்லை. குழல்கள் அகலமாக நின்று பார்வையை மறைப்பதும் எடை குறைவாக இருப்பதும்தான் குறை.

ஒன்றன்மேல் ஒன்றாகக் குழல் வைத்தது மேல்-கீழ்க் குழல். தட்டுச் சுடுதலுக்கு இதுதான் நிலையான வகை. ஒடுக்கமான ஒரே பார்வைக்கோடு, இரண்டு தோட்டா, திறந்து வைத்தால் காலி என்று எல்லோருக்கும் தெரியும் பாதுகாப்பு. மூன்றரை கிலோவை ஒட்டிய எடை உதையை விழுங்கும். ரஷ்யாவின் இஷெவ்ஸ்க் நகரத்துப் பைக்கால் முரடாக இருக்கும், அசராது. துருக்கியின் ஹுக்லு ஊரில் செய்பவை பார்க்க அழகு. இத்தாலியப் பெரெட்டா வசதி உள்ளவர்களுக்கு. சாதாரண உரிமத்தில் வெளிநாட்டிலிருந்து தருவிக்க முடியாது. தேசிய ரைபிள் சங்கத்தின் வழியாகத் தகுதி பெற்ற வீரர்களுக்குத்தான் அது. எனவே நமக்கு, ஏற்கெனவே நாட்டுக்குள் இருக்கும் பழைய துப்பாக்கிகள்தான் நடைமுறை வழி.

## பழைய துப்பாக்கியும் தாத்தா துப்பாக்கியும்

பழையதைப் பார்க்கும்போது குழலுக்கு அடியிலுள்ள முன்கைப்பிடி மரத்தைக் கழற்றிவிட்டுக் குழலையும் கட்டையையும் பிடித்து ஆட்டுங்கள். இரண்டும் இணையும் மூட்டில் ஆட்டம் இருந்தால் வேண்டாம். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். ஒளி வளையங்கள் வட்டமாக இருக்க வேண்டும். எங்காவது நெளிந்தால் அங்கே சொட்டை அல்லது வீக்கம். நாகப்பட்டினம், வேதாரண்யம் உப்புக் காற்றில் இருந்தவற்றில் உள்ளே துருக்குழி சகஜம். ரிப்பின் அடியிலும் பாருங்கள், அங்கே ஈரம் தங்கும்.

தாத்தா துப்பாக்கிக்கு இன்னொரு ஆபத்து இருக்கிறது. இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். தோட்டா உட்காரும் பகுதி அறை எனப்படும். பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகள் பலவற்றில் அறை 65 மி.மீ. இன்றைய தோட்டா 70 மி.மீ. ஆனால் அந்த 70 என்பது வெடித்து வாய் மடிப்பு விரிந்த பிறகுள்ள நீளம். வெடிக்காத தோட்டா குட்டையாக இருப்பதால் 65 அறையில் அழகாக உட்கார்ந்துவிடும், மூடவும் மூடும். வெடிக்கும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் குழலின் வழியை நெருக்கும், அழுத்தம் எகிறும். 'உள்ளே போகுதே' என்பது அத்தாட்சி அல்ல. அதுபோல, குழலில் மரவரி போல நெளிகோடுகள் தெரிந்தால் அது முறுக்கிச் செய்த டமாஸ்கஸ் குழலாக இருக்கலாம். அவை பெரும்பாலும் கருமருந்துக் காலத்தவை. இன்றைய தோட்டாவை அதில் போடக் கூடாது. அறையை அளந்து சொல்லத் தெரிந்த ஆர்மரியில், அதாவது துப்பாக்கிக் கடையில், காட்டாமல் ஒரு தோட்டாகூடச் சுட வேண்டாம்.

## காசும் காகிதமும்

துப்பாக்கி ஒருமுறைச் செலவு. வாரம் நான்கு சுற்று சுட்டால் 100 தோட்டா, 100 தட்டு. வருடத்துக்கு ஐயாயிரம் தோட்டாவுக்கு மேல். கையில் உள்ள பணம் முழுவதையும் துப்பாக்கியில் போட்டுவிட்டுத் தோட்டாவுக்கு இல்லாமல் நிற்பதைவிட, பாதியில் துப்பாக்கியை முடித்துக்கொண்டு மீதியைத் தோட்டாவுக்கு வைப்பது நல்லது.

உரிமத்துக்குத் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்றால் மாவட்ட ஆட்சியர் அலுவலகம். திருச்சி மாநகரம் என்றால் காவல் ஆணையர். 21 வயது ஆகியிருக்க வேண்டும், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று வேண்டும். உரிமம் கையில் வரும்வரை எதையும் வாங்கவோ வீட்டில் வைக்கவோ கூடாது. சுடுவதும் அனுமதி பெற்ற ரேஞ்சில் மட்டும். அறுவடை முடிந்த வயல்தானே என்று நினைக்காதீர்கள். இந்த ரவை 200 மீட்டர்வரை போகும். கீழே விழுந்த ஈயத்தை உள்ளானும் வாத்தும் மணியென்று கொத்தும், செத்தும் போகும்.

தம்பியிடம் நான் முதலில் கேட்டது, "லைசென்ஸ் யார் பேர்ல இருக்கு?" என்பதைத்தான். தாத்தா பேரிலேயே இருந்தது. அவர் தவறி ஒரு வருடம் ஆகிவிட்டது. உரிமம் வாரிசுக்குத் தானாக மாறாது என்பது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. மறுநாளே அவன் அப்பா துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினார். தம்பி தன் பேருக்கு மனு எழுதிக்கொண்டிருக்கிறான். இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேஞ்சில், பயிற்சியாளர் பக்கத்தில் நிற்க, கிளப் துப்பாக்கி ஒன்றைத் தோளில் வைத்துப் பார்த்தான். மணி தெரியவில்லை. முதல் சுற்றில் 25க்கு 4. கோமின் மேல் ரப்பர் பட்டை ஒன்று ஒட்டினோம், பிறகு இன்னொன்று. மூன்றாவது சுற்றில் 11. கழற்றும் முன் பட்டையின் உயரத்தை அளந்தோம், 6 மி.மீ. அதைப் போனில் குறித்து வைத்திருக்கிறான். உரிமம் வந்ததும் கடைக்கு அந்த அளவோடுதான் போவான்.